சிறுவர்களுக்கு நாடகம் கற்பித்த சங்கரதாஸ் சுவாமிகள்

(நமது கோல் மார்க்கெட் நிருபர்)

மந்திர் மார்க்கிலுள்ள டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கோல் மார்க்கெட் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர்களுக்குக் கோடை விடுமுறை வந்தால் ஒரு யோசனை வந்துவிடும். மண்டி ஹவுஸ் பக்கத்தில் தேசிய நாடகப் பள்ளி சிறுவர்களுக்கு நாடகப் பயிற்சி முகாம் நடத்துகிறது. பையனை அதற்கு அனுப்புவதா, கணக்கு டியூஷனுக்கு அனுப்புவதா? 1959-ல் தோன்றிய அந்தப் பள்ளி, சிறுவர் நாடகத்துக்கென்றே 1989-ல் தனிக் குழு ஒன்றையும் அமைத்தது. ஆனாலும் கூத்தாடினால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

சிறுவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்து, சோறு போட்டு, தமிழும் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. ஆனால் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிந்தவர்களும் குறைவுதான்.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தகப்பனார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர். தாயார் பேச்சியம்மாள். வீட்டிலேயே தமிழ் கிடைத்தது. அது போதாதென்று பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சென்று இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இயற்றத் தொடங்கிவிட்டார்.

படித்த பிறகு அவர் பார்த்த உத்தியோகம் நம்மில் பலர் பார்க்கும் உத்தியோகந்தான். உப்புப் பண்டகசாலையில் கணக்கர். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போயிற்று என்று பேரேட்டில் பதிய வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம். அந்த நாளில் அது சாமானிய வேலையல்ல. 1891-ல், தமது இருபத்துநாலாம் வயதில், அவர் அதை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நாடகக்காரனுக்குக் குடியிருக்க வீடும் கட்டிக்கொள்ளப் பெண்ணும் தர யோசித்த காலம் அது. அதே 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார் என்பது தற்செயலான பொருத்தம். அங்கே படித்தவர்களும் வக்கீல்களும் பொழுதுபோக்காக நடித்தார்கள். சங்கரதாஸோ அதையே பிழைப்பாக ஏற்றுக்கொண்டு இறங்கினார்.

முதலில் அவர் நடிகர். எமன், சனீஸ்வரன், இரணியன், இராவணன் போன்ற வேடங்களே அவருக்கு அமைந்தன. கனத்த சாரீரமும் ஆஜானுபாகுவான தோற்றமும் அந்த வேடங்களுக்குப் பொருந்தின. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக்கயிற்றுடன் பாய்ந்து வந்ததைக் கண்டு சபையில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருவருக்குக் கருக்கலைந்துவிட்டது என்று சொல்வார்கள். இன்னொரு சமயம் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றபோது, எதிர்ப்பட்ட ஒரு பெண் பயந்து உயிரையே விட்டாள் என்றும் சொல்வதுண்டு. நாடக உலகில் வழிவழியாக வந்துள்ள செய்திகள் இவை. அதன் பிறகு அவர் வேடம் கட்டுவதையே நிறுத்திவிட்டார் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

மனம் வெறுத்துக் காவியுடுத்தித் தீர்த்த யாத்திரை போனார். சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது அப்போதுதான். திரும்பி வந்தவரைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை ஆதரித்து, மகன்போல வைத்துக்கொண்டார். சுவாமிகளின் தாள ஞானம் அங்கே செழித்தது. நாடகத்தை விட்டுவிடாதே என்று வற்புறுத்தி மறுபடியும் அந்தத் துறைக்கே அவரை அனுப்பியதும் பிள்ளையவர்கள்தாம். இதற்காகத் தமிழ் நாடகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

திரும்பி வந்தவர் நடிகராக அல்ல, ஆசிரியராக வந்தார். அன்றைய மேடை எப்படி இருந்தது? பாட்டு மட்டும் ஓரளவு வரையறுத்திருக்கும். வசனத்தை அவரவர் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கதையை மறந்துவிட்டுத் தர்க்கத்தில் இறங்கி, ஒருவரையொருவர் மடக்குவதிலேயே பொழுது விடிந்துவிடும். சுவாமிகள் பாட்டு, விருத்தம், வெண்பா, வசனம் எல்லாவற்றையும் முழுமையாக எழுதிக்கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், சதி அனுசூயா, லவகுசா என்று அறுபதுக்கு மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. ஷேக்ஸ்பியரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? பெரிய நடிகர்கள் கட்டுப்பட வேண்டுமே! குடித்துவிட்டு மேடைக்கு வருவது, எழுதாததைப் பேசுவது, இன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது ஆகிய இவற்றோடு போராடிச் சலித்துத்தான் அவர் பார்வை சிறுவர்கள் பக்கம் திரும்பியது. 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையை ஏற்படுத்தினார். பின்னாளில் பாட்டால் தமிழ்நாட்டையே மயக்கிய எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் சிறுவர்களாக அங்கே பயின்றவர்கள். பிறகு ஜெகந்நாத ஐயரின் பாலர் கம்பெனியில் ஆசிரியராக இருந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிறந்தது. அதற்கும் சுவாமிகளே ஆசிரியர்.

அந்தச் சபையில் வந்து சேர்ந்தவர்கள்தாம் டி.கே.எஸ். சகோதரர்கள். தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்துக்குப் பெயர் பெற்ற நடிகர். சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய மூவரையும் அவர் கொண்டுவந்து சுவாமிகளிடம் ஒப்படைத்தார். 1912-ல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது!

பாலர் கம்பெனி என்பது ஒரு குருகுலம். கம்பெனி வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். காலையில் பாட்டு, பகலில் வசனப் பாடம், இரவில் நாடகம். ஊர் ஊராகப் போக வேண்டும். வெண்பாவைப் பிரித்துச் சொல்லத் தெரியாத பையனுக்கு வேடம் கிடையாது. இதனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைகள்கூட நல்ல தமிழ் பேசினார்கள். ஒரே இரவில் உட்கார்ந்து அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் எழுதி முடித்தார் என்றும், அதில் அபிமன்யுவாகத் தாம் நடித்ததாகவும் சண்முகம் தமது நூலில் குறிப்பிட்டிருக்கிறார். எத்தனை பெரிய புலவர் எத்தனை சிறிய பிள்ளைக்காகக் கண் விழித்திருக்கிறார் என்று நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

ஆனால் எல்லாம் இனிமை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பால் மறந்து சில வருஷங்களே ஆன குழந்தை தாயைப் பிரிந்து, இரவு முழுவதும் கண் விழித்து, விடியும்வரை வேடத்தோடு நின்றது. தப்புச் செய்தால் பிரம்பு. சம்பளம் பெற்றோருக்குப் போகும். பதிமூன்று பதினாலு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் ராஜகுமாரன் வேடம் கட்டியவன் திரை இழுக்கப் போக வேண்டியதுதான், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பியவர்களுக்குக் கையில் தொழிலும் இல்லை, படிப்பும் இல்லை. நிலைத்து நின்றவர்களின் பெயர்கள்தாம் நமக்குத் தெரிகின்றன. இன்று எந்தச் சட்டமும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. இக்காலப் பயிற்சி முகாம்களில் பையன் மாலையில் வீடு திரும்புகிறான். தலைமுறைகள் கடந்து கிடைத்த நல்ல மாறுதல் இது. அதேசமயம், ஒரு மாத முகாம் முடிந்தும் ஒரு செய்யுளைக்கூடத் தடங்கலின்றிச் சொல்ல வராத பிள்ளையைப் பார்க்கும்போது சுவாமிகளின் பாடமுறை நினைவுக்கு வராமல் இல்லை.

இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன. நாவும் எழவில்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சிறுவர்களின் வாயில் ஏற்றியவர் பேச்சிழந்து, அந்தச் சிறுவர்களின் கம்பெனியோடேயே இருந்தார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். மனைவி மக்கள் கிடையாது. சேர்த்து வைத்த சொத்தும் கிடையாது.

அவர் போட்ட வழியில் வரிசையாகப் பாலர் கம்பெனிகள் எழுந்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் பால ஷண்முகானந்த சபையை நிறுவினார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதில் வளர்ந்தவர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும், சிவாஜி கணேசன் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியிலும் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். தமிழ் சினிமாவின் முதல் தலைமுறை பெரும்பாலும் இந்த வீடுகளிலிருந்து வந்ததே.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடக்கிறது. ஒருவரை ஒருவர் முன்பின் பாராத நடிகர்கள் மாலையில் வந்து இறங்கி, ஒத்திகையே இல்லாமல் இரவு முழுவதும் வள்ளி திருமணம் நடத்துகிறார்கள். எல்லாருக்கும் பாடம் ஒன்றே. அது சுவாமிகளின் பாடம்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி அங்கே தலைமை வகித்தார் என்பதை இங்குள்ள பழைய ஆட்கள் அறிவார்கள். அந்தப் பள்ளியில் படித்த வேலு சரவணன், ஆழி என்ற குழுவை அமைத்துப் பள்ளிக்கூடங்களுக்கே சென்று குழந்தைகளுக்கு நாடகம் நடத்திவந்தார். சுவாமிகளின் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நவம்பர் 13-ஆம் தேதி நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி, அவருடைய பாட்டுகளைப் பாடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.