தேடிச் சென்ற செவிலி

சங்க அகப்பாடல்களைப் பயின்ற மாணவர்க்குச் 'செவிலி' என்னும் சொல் புதியதன்று. தலைவி உடன்போக்கில் சென்றுவிட, பெற்ற தாயாகிய நற்றாய் மனையிலிருந்து வருந்துவாள். வளர்த்த தாயாகிய செவிலியோ மகளைத் தேடிப் பாலை வழியில் நடப்பாள், எதிர்வருவோரையெல்லாம் வினவுவாள். நோயாளிகளைப் பேணும் தாதியருக்கு இச்சொல்லைத் தேர்ந்தளித்த சொல்லாக்க அறிஞர்கள், பேணி வளர்த்தலையே மனத்திற் கொண்டிருக்கக்கூடும். ஆயினும், தேடி நடத்தலும் அச்சொல்லின் உள்ளே உறைந்திருக்கிறது என்பது நம் எண்ணம். நோயாளி வந்து சேரட்டும் என்று மருத்துவமனையில் காத்திராமல், அவர் கிடக்கும் இடம் தேடிப் படியேறிச் சென்ற ஒரு செவிலியின் வரலாற்றைப் படித்தபோது இவ்வெண்ணம் உறுதிப்பட்டது. அவர் அமெரிக்க நாட்டு லில்லியன் வால்ட் அம்மையார்.

1867ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் ஒன்றில் லில்லியன் பிறந்தார். தந்தையார் மூக்குக்கண்ணாடி முதலிய ஒளியியற் பொருள்களின் வணிகர். பின்னர் குடும்பம் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வாழ்ந்தது. குறைவற்ற வீடு, நல்ல பள்ளி, இசையும் நூல்களும் நிறைந்த சூழல். 16 வயதில் வாசர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார்; வயது போதாதென்று கல்லூரி மறுத்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்துச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்து 1891இல் நியூயார்க் மருத்துவமனையில் அதனை முடித்தார். மருத்துவராகவே ஆகிவிடலாம் என்று கருதிப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார். அவ்வழியே சென்றிருந்தால் நகரத்து நல்ல மருத்துவருள் ஒருவராக விளங்கியிருப்பார். நாம் அவரைப் பற்றி எழுத நேர்ந்திராது.

1893ஆம் ஆண்டு அவர் வாழ்வைத் திருப்பியது. மன்ஹாட்டன் தீவின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், குடியேறிய ஏழைப் பெண்களுக்கு வீட்டில் நோயாளியைப் பேணும் முறையை அவர் கற்பித்து வந்தார். ஒருநாள், படுக்கை விரிக்கும் முறை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சிறுமி ஒருத்தி வந்து, தன் தாய் நோயுற்றுக் கிடப்பதாகச் சொல்லி அழைத்தாள். பாடத்தை நிறுத்திவிட்டு ஆசிரியை அவள் பின்னே நடந்தார். குப்பை மண்டிய தெருக்களைக் கடந்து, லட்லோ தெருவின் ஓர் அடுக்குக் குடியிருப்பின் பின்கட்டை அடைந்தார். எழுவர் கொண்ட குடும்பம் இரண்டே அறைகளில். வாடகைச் சுமையைக் குறைப்பதற்காகச் சேர்த்துக்கொண்ட வெளியாரும் அதே அறைகளில். குழந்தை பெற்ற தாய் இரண்டு நாளாகக் குருதி தோய்ந்த படுக்கையில் கிடந்தாள். லில்லியன் அவளைத் தூய்மை செய்தார், படுக்கையை மாற்றினார், அறையையும் துலக்கினார். புறப்படும்போது அக்குடும்பத்தார் நன்றி மேலிட்டு அவர் கைகளை முத்தமிட்டனர். தமக்கு அந்த நன்றி வெட்கத்தையே தந்தது என்று பின்னாளில் அவர் எழுதியுள்ளார். நகரத்தின் ஒரு பாதி மற்றொரு பாதியின் நிலையை அறியாமலிருப்பதே இதற்குக் காரணம் என்று அவருக்குத் தோன்றியது. மருத்துவக் கல்லூரியை விட்டு நீங்கினார்.

உடன் பயின்ற மேரி புரூஸ்டர் என்னும் செவிலியும் அவருடன் சேர்ந்தார். நோயாளிகள் வாழும் தெருவிலேயே தாமும் வாழ்வது என்பது இருவரும் வகுத்துக்கொண்ட விதி. ஜெபர்சன் தெருவில், மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் குடியேறினர். நகரச் சுகாதார வாரியத்தின் இசைவு பெற்று, அதன் சார்பில் வீடு வரும் செவிலியர் என்பதைக் காட்டும் சின்னத்தை அணிந்துகொண்டனர். அச்சின்னம் இல்லையென்றால் பல கதவுகள் திறந்திரா. ஜேக்கப் ஷிஃப் என்னும் வங்கியாளர் பொருளுதவி செய்தார். அவருக்கு மாதந்தோறும் லில்லியன் அறிக்கை அனுப்பினார்: எந்த வீட்டில் எத்தனை குழந்தைகளுக்குத் தட்டம்மை, யாருக்குப் பால் வாங்கித் தந்தோம், யார் வேலையிழந்தார், எந்தக் குடியிருப்பின் கழிப்பிடம் உடைந்து கிடக்கிறது என்பன அவற்றில் இருந்தன. நோய்க்குறிப்பும் வாடகைக்குறிப்பும் ஒரே தாளில் எழுதப்பட்டதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் வழங்கிய பொதுச் சுகாதாரச் செவிலியர் என்னும் பெயருக்குப் பொருள் அத்தாளிலேயே இருக்கிறது.

1895இல் ஹென்றி தெரு 265ஆம் எண் வீட்டை ஷிஃப் வாங்கித் தந்தார். ஹென்றி தெருக் குடியமைப்பு என்று உலகறிந்த நிறுவனம் அங்குதான் வேர்கொண்டது. புரூஸ்டர் உடல்நலிவால் சில ஆண்டுகளிலேயே விலகினார். பணி மட்டும் பெருகியது. ஐந்து மாடி ஏறி ஒரு வீட்டைக் கவனித்துவிட்டு, இறங்கி, அடுத்த கட்டடத்தில் மீண்டும் ஐந்து மாடி ஏறுவது எளிதன்று. ஆகவே செவிலியர் மொட்டைமாடி வழியாகவே சுவர் தாண்டி அடுத்த கட்டடத்துக்குச் சென்றனர். கையில் கறுப்புப் பையுடன் கூரைச் சுவரைத் தாண்டும் செவிலியின் நிழற்படம் இன்றும் செவிலியர் கல்வி நூல்களில் காணப்படுகிறது.

இவர்களின் நெறிகள் இரண்டினை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். மருத்துவரோ அறநிலையமோ எழுதிக் கொடுத்தால்தான் செவிலி வருவாள் என்னும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. லில்லியன் அதனை ஏற்கவில்லை. நோயுற்ற வீட்டார் நேரே அழைத்தாலே போதும் என்றார். கொடுக்க இயன்றவரிடம் சில காசுகள் பெறப்பட்டன. இயலாதவரிடம் எதுவும் பெறப்படவில்லை. மற்றொன்று, நோயாளியின் படுக்கையருகே சமயப் பரப்புரை கூடாது என்பது. ரஷ்யாவிலிருந்து வந்த யூதர், இத்தாலியர், ஐரிஷ் கத்தோலிக்கர் என நெருங்கி வாழ்ந்த தெருக்கள் அவை. உதவியின் பின்னால் மதமாற்றம் வருமோ என்னும் அச்சம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. செவிலியின் பையில் மருந்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரிந்தபின் அவ்வச்சம் நீங்கியது.

1902இல் அவர் நடத்திய சிறு சோதனை ஒன்று பின்னர் வரப்போகும் பேரிடருக்கு உதவியது. நகரப் பள்ளிகளில் கண்நோய், தோல்நோய் கண்ட குழந்தைகளை மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவர். வீட்டில் மருந்திட ஆளில்லை. குழந்தை தெருவில் அலையும். லினா ராஜர்ஸ் என்னும் தம் செவிலியை ஒரு மாத காலத்துக்குப் பள்ளிகளுக்குத் தருவதாக லில்லியன் முன்வந்தார். ராஜர்ஸ் பள்ளியிலேயே மருந்திட்டார். மாலையில் வீடுகளுக்குச் சென்று தாய்மார்க்கு விளக்கினார். பள்ளிக்கு வராத குழந்தைகளின் தொகை பெரிதும் குறைந்தது. நகர நிர்வாகம் உடனே தன் செலவில் பள்ளிச் செவிலியரை அமர்த்தியது.

1906இல் எலிசபெத் டைலர் என்னும் கறுப்பினச் செவிலியை அவர் பணியில் சேர்த்தார். 1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூடிய மாநாட்டினர், இரு நிறத்தாரும் ஒன்றாக விருந்துண்ண வேறிடம் கிடைக்காத நிலையில், ஹென்றி தெரு வீட்டில்தான் கூடினர். எனினும் கறுப்பினச் செவிலியர் பெரும்பாலும் தம் இனத்தார் வாழ்ந்த பகுதிகளிலேயே பணியமர்த்தப்பட்டனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. தம் காலத்தை அவர் நெடுந்தொலைவு கடந்து சென்றார், முற்றும் கடந்துவிடவில்லை.

1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் நகரின் ஐந்தாம் நிழற்சாலையில் பெண்கள் துயர் உடையணிந்து, பேசாது, அமைதி வேண்டி நடந்த ஊர்வலத்தில் லில்லியன் கலந்துகொண்டார். அமெரிக்காவும் போரில் இறங்கலாகாது என்று பாடுபட்ட சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், நேற்றுவரை நன்கொடை அளித்த செல்வர் சிலர் கையை இழுத்துக்கொண்டனர். நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பழியும் வந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குப் பொறுப்பேற்ற ஒருவர், நன்கொடை குறையும் எனத் தெரிந்தும் தம் கருத்தை மறைக்காதது சரியா என்று அன்றே சிலர் வினவினர். எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று அது.

அடுத்த ஆண்டே அந்நகரத்துக்கு அவர் இன்றியமையாதவர் ஆனார். 1918 இலையுதிர் காலத்தில் இன்ஃபுளுயன்சா என்னும் கொள்ளைக் காய்ச்சல் நியூயார்க்கைப் பற்றியது. உலகெங்கும் கோடிக்கணக்கில் உயிர் குடித்த நோய் அது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொதுவாகக் காய்ச்சல் முதியோரையும் மழலையரையும் கொண்டுபோகும். இதுவோ இருபதிலிருந்து நாற்பது வயதுக்குட்பட்ட வலியோரைத் தேடிக் கொன்றது. தந்தையும் தாயும் ஒரே அறையில் நினைவிழந்து கிடக்க, உணவூட்ட ஆளின்றிக் குழந்தைகள் அழுதனர். மருத்துவர் கையில் மருந்தில்லை. நோய்க்குக் காரணமான வைரஸ் மனிதரிடம் கண்டறியப்பட்டது 1933இல். பென்சிலின் கண்டறியப்பட்டது 1928இல். அன்று இருந்தவை படுக்கை ஓய்வு, திறந்த சன்னல், ஈரத் துணியால் உடலைத் துடைத்தல், சிறிது சிறிதாக நீரும் கஞ்சியும் சூப்பும் ஊட்டுதல், காய்ச்சல் தணிந்ததும் எழுந்து வேலைக்கு ஓடிச் சளிக்காய்ச்சலில் விழாதபடி தடுத்தல் ஆகியவையே. இவையனைத்தும் செவிலியின் பணிகள். மருத்துவத்திடம் வேறு விடையில்லாத அவ்வேளையில், பேணுதலே சிகிச்சையாயிற்று.

ஆனால் செவிலியர் எங்கே? 20,000க்கும் மேற்பட்டோர் இராணுவப் பணிக்குச் சென்றிருந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கடல்கடந்திருந்தனர். தகுதிபெற்ற கறுப்பினச் செவிலியரை இராணுவம் போர் முடிந்த பின்னரே ஏற்றது. ஹென்றி தெருவுக்கு அக்டோபர் முதல் நான்கு நாட்களிலேயே 400க்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் சேர்ந்தனர். சென்ற செவிலியரும் நோயில் வீழ்ந்தனர்.

அக்டோபர் 10ஆம் நாள் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் செவிலியர் நெருக்கடிக் குழு அமைந்தது. தலைமை லில்லியன் வால்ட். நகரில் அரசு, தனியார், பள்ளி, குழந்தை நலம் என்று தனித்தனியே இயங்கிய செவிலியர் அமைப்புகளை அவர் ஒரே அணியாக்கினார். நகரம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரே படிக்கட்டில் இரு செவிலியர் ஏறி, அடுத்த படிக்கட்டில் எவரும் ஏறாத நிலை இதனால் மாறியது. பயிற்சி பெற்றவர் தொகையோ சிறிது. ஆகவே பயிற்சி இல்லாதவர் செய்யத்தக்க வேலைகளைப் பிரித்தெடுத்தார்: தொலைபேசியில் அழைப்பைக் குறித்தல், மோட்டார் வண்டியில் செவிலியை இறக்கிவிடுதல், சூப்புக் காய்ச்சிக் கொண்டுசெல்லுதல், படுக்கை விரிப்புகளைச் சேர்த்தல், நோயுற்ற வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல். இவற்றுக்குத் தொண்டர் வேண்டுமே! நற்குடிப் பெண்கள் ஐந்தாம் நிழற்சாலையின் பெருங்கடைகளின் வாயிலில் நின்று, வருவோர் போவோர் கையில் துண்டறிக்கை அளித்தனர். நடுங்க வேண்டாம், துணிவோடு உதவிக்கு வருக என்று அது பெண்களை அழைத்தது. நான்காண்டுகளுக்கு முன் அமைதி வேண்டி அவர் நடந்த அதே சாலை அது. அழைப்புக்கு நூற்றுக்கணக்கானோர் இசைந்தனர், வண்டிகளும் வந்தன.

அந்நாளில் நகரச் சுகாதார ஆணையர் கோப்லாண்ட் பள்ளிகளை மூடவில்லை. நெருக்கடி மிகுந்த இருட்டறைகளைவிட, செவிலியர் நாள்தோறும் பார்க்கும் பள்ளியே குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது அவர் வாதம். அம்முடிவு சரியா தவறா என்று இன்றும் ஆய்வாளர் வாதிடுகின்றனர். ஆனால் அப்படியொரு வாதத்தை அவர் முன்வைக்க இயன்றதே 1902இல் லினா ராஜர்ஸ் கையில் மருந்துடன் பள்ளிக்குள் நுழைந்ததால்தான். அந்த இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனினும் பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களைவிட இறப்பு விகிதம் குறைவே. அதனைச் செவிலியரின் சாதனை என்று மட்டும் கூறிவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது, காரணங்கள் பல. ஆயினும் எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் வாழ்கிறார், எந்தத் தாய் கதவைத் திறப்பாள் என்று அறிந்த செவிலியரை ஒரு வாரத்தில் உருவாக்கிவிட முடியாது. அவ்வறிவு 25 ஆண்டுகளாகப் படியேறிச் சேர்த்தது.

கொள்ளைநோய் ஓய்ந்ததும் நகரம் அதனை விரைந்து மறந்தது. அம்மையார் மீண்டும் நன்கொடை திரட்டத் தொடங்கினார். 1920களின் நடுவிலிருந்து அவர் உடல் தளர்ந்தது. 1933இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். தம் அனுபவங்களை 1915இலும் 1934இலும் இரு நூல்களாகத் தந்தார். 1940 செப்டம்பர் முதல் நாள் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்ட்போர்ட்டில் மறைந்தார். ராச்செஸ்டரில் அவர் கல்லறை உள்ளது.

1944இல் செவிலியர் பிரிவு தனி நிறுவனமாயிற்று. 2020இல் கோவிட் பெருந்தொற்று நியூயார்க்கைத் தாக்கியது. நம் ஊர்களிலும் சுகாதாரப் பணியாளர் வாயிலில் நின்று காய்ச்சல் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டுபோன அந்த ஆண்டிலேதான், அந்நிறுவனத்தின் செவிலியர் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தேடி மாடிப்படி ஏறினர். ஹென்றி தெரு 265ஆம் எண் வீடு இன்றும் அத்தெருவில் நிற்கிறது.