பாறையில் வடக்கைத் தேடிய மாட்சுயாமா

திசைகாட்டியின் முள் வடக்கை நோக்கி நிற்கும் என்பது நாம் ஆரம்பப் பள்ளியிலேயே படித்த பாடம். ஆனால் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திசைகாட்டி இருந்திருந்தால், அதன் முள் தெற்கை நோக்கி நின்றிருக்கும். பூமியின் காந்தப்புலம் அப்போது தலைகீழாக இருந்தது. இதற்கு வலுவான சான்றுகளைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஜப்பானியரான மோத்தோனோரி மாட்சுயாமா.

இவர் 1884ஆம் ஆண்டு, கியூஷு தீவின் ஓய்த்தா மாநிலத்தில் ஒரு ஜென் பௌத்தத் துறவியின் மகனாகப் பிறந்தார். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். இவரது முதன்மைத் துறை புவியீர்ப்பு. கடலுக்கு அடியில் ஈர்ப்பு விசையை அளப்பதற்காக நீர்மூழ்கிக் கப்பலிலும் பயணம் செய்திருக்கிறார்.

1926இல் கென்புடோ குகையில் எடுத்த பசால்ட் பாறை இவரை வேறொரு கேள்விக்கு இட்டுச் சென்றது. எரிமலைக் குழம்பு குளிரும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அந்நேரத்துக் காந்தப்புலத்தின் திசையைப் பதித்துக்கொள்ளும். பாறை இறுகிய பிறகு அந்தப் பதிவு லட்சக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்கும். கென்புடோ பாறையில் பதிந்திருந்த திசையோ இன்றைய திசைக்கு நேர் எதிராக இருந்தது.

ஒரே ஒரு பாறையை வைத்து முடிவு சொல்ல முடியாது. எனவே ஜப்பான், கொரியா, மஞ்சூரியா ஆகிய பகுதிகளில் 36 இடங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார். சில இன்றைய திசையைக் காட்டின. சில எதிர்த்திசையைக் காட்டின. வயதில் இளைய பாறைகள் எதுவும் எதிர்த்திசையைக் காட்டவில்லை. ஆகவே காந்தப்புலமே ஒரு காலத்தில் தலைகீழாக இருந்து பின்னர் மாறியிருக்க வேண்டும் என்று 1929இல் எழுதினார்.

அறிவியல் உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1950களில், சில பாறைகள் தாமாகவே எதிர்த்திசையில் காந்தமாகக்கூடும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. அதனால் சந்தேகம் மேலும் வலுத்தது. பாறைகளின் வயதைத் துல்லியமாகக் கணிக்கும் வழி இல்லாததால், யார் சொல்வது சரி என்று தீர்க்க முடியவில்லை. இந்நிலையில் 1958இல் மாட்சுயாமா காலமானார்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த வழி கிடைத்தது. பொட்டாசியம், ஆர்கான் அளவுகளைக் கொண்டு இளம் எரிமலைப் பாறைகளின் வயதைக் கணிக்க முடிந்தது. கலிபோர்னியாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் எடுத்த பாறைகளை ஒப்பிட்டபோது, ஒரே வயதுடையவை ஒரே திசையைக் காட்டின. பாறை தானாகத் திரும்பியிருந்தால் இந்த ஒற்றுமைக்கு இடமில்லை. மாறியது பூமியின் காந்தப்புலம்தான்.

1964இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தலைகீழ்க் காலத்திற்கு மாட்சுயாமாவின் பெயரையே சூட்டினர். அது சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, சுமார் 7 லட்சத்து 74 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது. கடலடித் தரை விரிவடைவதையும் கண்டங்கள் நகர்வதையும் உறுதிப்படுத்த இந்தக் காலவரிசை பெரிதும் உதவியது.

இந்தப் பெருமை எதையும் மாட்சுயாமா காணவில்லை. ஆனால் அவர் 1929இல் முறையாக அளந்து, முறையாக எழுதி வைத்ததால்தான் பின்வந்தவர்கள் அதைத் தேடி எடுக்க முடிந்தது. ஆய்வுத் துறையில் காலடி எடுத்து வைக்கும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்.