நகைச்சுவையில் நாட்டைத் திருத்திய கலைவாணர்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார். இதற்கு உரை கண்ட பேராசிரியர், எள்ளலை இருவகையாகப் பகுத்துக் காட்டுவார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒருவகை. பிறர் தன்னை எள்ளுமிடத்துத் தான் நகுதல் மற்றொருவகை. முதல்வகை யாவர்க்கும் எளிது. இரண்டாம் வகைக்கு நெஞ்சில் அகலம் வேண்டும். அவ்வகலத்தை வாழ்நாள் முழுதும் காத்து, அதனையே அரசியல் எள்ளலுக்கு அடித்தளமாக்கிய பெருமகன் ஒருவரை நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடையது. அவரே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இத்தகைய கலைஞர் புதியவரல்லர். நம் ஊர்த் தெருக்கூத்தில் அரசன் கொலுவேறுமுன் கட்டியக்காரன் வந்துவிடுகிறான். அரசன் பெருமையைக் கூறுபவனும் அவனே. அப்பெருமையின் பொய்ம்மையைப் போட்டுடைப்பவனும் அவனே. பாரதக் கதையினிடையே ஊர்க் கிணற்றையும் உள்ளூர்த் தேர்தலையும் இழுத்துவந்து அவன் பேசுகையில், கேலிக்குள்ளானவரும் சேர்ந்தே சிரிக்கின்றனர். தன்னை அறிவிலியாகக் காட்டிக்கொண்டதனால் அவன் பெற்ற உரிமை அது. கூத்துக் களரியில் கட்டியக்காரனுக்கு இருந்த இவ்வுரிமையைத் திரைப்படத்திற்கும் அரசியல் மேடைக்கும் கொண்டுசென்றவர் கலைவாணர் என்று கூறின் மிகையாகாது.

நாஞ்சில் மண்ணின் கொடை

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29-ஆம் நாள் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. வறுமை அவரைப் பள்ளியில் நெடுநாள் இருக்கவிடவில்லை. டென்னிஸ் ஆடுவோர்க்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தார்; நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கச் சென்ற இடத்திலேயே நாடகம் அவரைப் பற்றிக்கொண்டது. 1920-களின் நடுப்பகுதியில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அவர் பிறந்த நாஞ்சில் நாடு வில்லுப்பாட்டின் தாயகம். வில்லும் உடுக்கும் குடமும் தாளமும் ஒலிக்க, தலைமைப் பாடகர் கதையை நடத்திச் செல்வார். அருகிலிருப்பவர் ஆமாம் போடுவார். இடையிடையே ஒன்றும் அறியாதவர்போல் வினா எழுப்புவார். அவ்வினாவுக்கு விடை கூறும் முறையில் கதை ஊருக்குள் இறங்கும். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடைவிழாக்களில் பாடப்பட்ட இவ்வடிவத்தைக் கிருஷ்ணன் நாட்டு விடுதலைக்குப் பயன்படுத்தினார். டி.கே.எஸ். குழுவினரின் ‘தேசபக்தி’ நாடகத்தில் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாகப் பாடினார். உப்பு அறப்போருக்கு நடைப்பாட்டு இயற்றித் தந்த நாமக்கல் கவிஞரின் குரல் வீறுடையது. அதே விடுதலை வேட்கையைச் சிரித்த முகத்துடன் சொன்னது நாஞ்சிற் கலைஞரின் குரல். இரண்டுமே மக்களுக்கு வேண்டியிருந்தன.

திரையில் ஏறிய நாட்டுப்புறக் கலை

1935-இல் ‘மேனகா’, 1936-இல் ‘சதிலீலாவதி’ ஆகிய படங்களின் வாயிலாகத் திரையுலகில் கால்வைத்தார். ‘வசந்தசேனா’ படப்பிடிப்பிற்காகப் புனே சென்றபோது அறிமுகமான டி.ஏ. மதுரம் அம்மையார் அவர்தம் வாழ்க்கைத் துணைவியும் கலைத் துணைவியும் ஆனார். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் வெளியிட்ட ‘உத்தமபுத்திரன்’ படத்திலும் இவ்விணையர் நடித்துள்ளனர். நம் ஊர் மண்ணிலிருந்தும் அவர்தம் நகை தமிழகமெங்கும் சென்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே சிந்தித்து அமைத்துக்கொள்வது கிருஷ்ணனின் வழக்கம். அவற்றை உற்றுநோக்கினால் வில்லுப்பாட்டின் வினா விடை முறையை அங்கே காணலாம். கணவன் பெருமை பேசுவான்; மனைவி எளிய வினா ஒன்றைக் கேட்பாள்; கணவன் பேச்சு கவிழ்ந்துவிடும். பெரும்பாலும் அறிவு மதுரம் அம்மையாரின் பக்கமும் அசட்டுத்தனம் கிருஷ்ணனின் பக்கமும் நிற்கும். பெண்ணை நகைப்பொருளாக்கியே பழகிய மேடையில், ஆண் தன்னை நகைப்பொருளாக்கிக்கொண்டது சிறிய மாற்றமன்று.

அவர் பாடிய பாடல்கள் பலவற்றை எழுதியவர் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயண கவி (1899 - 1981). நாட்டுப்புற மெட்டுகளில் தோய்ந்த கொங்குக் கவிஞரும் நாஞ்சில் நாட்டுப் பாடகரும் இணைந்தது தமிழ்ப் பாட்டுக்கு வாய்த்த நற்பேறு. கற்றோர்க்கு மட்டுமே உரியதாயிருந்த சீர்திருத்தக் கருத்துக்கள், அவ்விருவர் கைபட்டு, களத்துமேட்டில் முணுமுணுக்கத்தக்க பாட்டாயின.

சிறையும் மீட்சியும்

புகழின் உச்சியில் இருந்தபோது பேரிடி விழுந்தது. 1944 நவம்பரில் இதழாசிரியர் லட்சுமிகாந்தன் சென்னையில் கொலையுண்டார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் அவ்வாண்டு டிசம்பரில் கைது செய்யப்பட்டார். 1945 மே மாதத்தில் இருவர்க்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

அவ்விடைக்காலத்தில் மதுரம் அம்மையார் கலங்கி அமர்ந்துவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் கணவர் பெயரால் நாடகக் குழு நடத்தினார். அந்நாடகங்களுள் ஒன்றான ‘பைத்தியக்காரன்’ 1947-இல் திரைப்படமாயிற்று. விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அதில் தோன்றினார்.

ஒரே வழக்கில் சிறைசென்று ஒரே நாளில் மீண்ட இருவருள் பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலையை எய்தவேயில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து மேலும் உயர்ந்தார். இதற்குக் காரணங்கள் பல கூறலாம். பாகவதரை மக்கள் அண்ணாந்து பார்த்திருந்தனர்; வீழ்ச்சி அவ்வுயரத்தைச் சிதைத்தது. கிருஷ்ணனோ என்றும் மக்களினும் ஒருபடி கீழே தம்மை நிறுத்திக்கொண்டவர். அவரைக் கீழிறக்கச் சிறையாலும் இயலவில்லை என்பதே என் கருத்து. அவ்வாண்டிலேயே நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தைச் சூட்டினார்.

எள்ளலின் நுட்பம்

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளே கலைவாணரின் பொற்காலம் எனலாம். அண்ணாவின் கதை வசனத்தில் 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம் அதன் முடிமணியாகும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை அறிந்தார்க்குக் கிந்தனாரின் பொருள் உடனே விளங்கும். நந்தன் தில்லை காண ஏங்கினான். கிந்தன் பட்டணம் சென்று படிக்க ஏங்குகிறான். நந்தன் தீயில் இறங்கித் தூய்மை பெற்றான். கிந்தன் இரயிலில் ஏறுகிறான். எல்லாச் சாதியாரையும் ஒரே பலகையில் நெருக்கி உட்காரவைக்கும் அவ்வண்டியே அவனுக்குத் தீக்குளியாகிறது. படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். காலட்சேபக்காரரின் சிப்ளாக்கட்டையும் குரல் ஏற்ற இறக்கமும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் தலைகீழாகியது. பழைய வடிவத்தைப் பழிக்காமல் அதனைக்கொண்டே பழைய அநீதியைச் சாடிய இம்முறை, மரபும் புதுமையும் பற்றி வாதிடும் கவிஞர்கள் எண்ணத்தக்கது.

அப்படத்தில் மதுவிலக்கும் பாட்டுக்குப் பொருளாயிற்று. இந்நாட்டில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது, நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அந்நாளைய சேலம் மாவட்டத்திலேயேயாம். சட்டம் கடையைத்தான் மூடும், வேட்கையை மூடாது. அவ்வேட்கையோடு சிரித்துப் பேசும் பணியைக் கலைவாணர் மேற்கொண்டார். குடிகாரனை இழித்துரைக்காமல் குடியின் அசட்டுத்தனத்தை நடித்துக் காட்டினார்.

அவர் இயக்கிய ‘மணமகள்’ 1951-இலும் ‘பணம்’ 1952-இலும் வெளிவந்தன. இரண்டிற்கும் கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். ‘பணம்’ படத்தில் தி.மு.க. என்னும் மூன்றெழுத்துச் சுருக்கத்தை வைத்துக் கலைவாணர் பாடிய பாடல் எள்ளல் நுட்பத்திற்கு நல்ல சான்றாகும். கேட்போர் நெஞ்சில் 1949-இல் தோன்றிய அரசியல் இயக்கத்தின் பெயர் எழும். பாடலோ அவ்வெழுத்துகளுக்குத் திருக்குறளின் பெயரால் அமைந்த கழகம் என்று விரிவு கூறும். வள்ளுவரை யார் தடைசெய்ய இயலும்? சொன்னதும் சொல்லப்பட்டது, சொல்லவில்லை என்பதற்கும் இடமிருந்தது. இதனைச் சிலேடை என்று நம் அணியிலக்கணம் கூறும். தணிக்கைக் காலத்தில் சிலேடை கவிஞனின் கவசமாகிறது.

1955-இல் வந்த ‘முதல் தேதி’யில் மாதச் சம்பளக்காரனின் முதல் இருபது நாள் மகிழ்ச்சியையும் கடைசிப் பத்து நாள் திண்டாட்டத்தையும் பாடினார். பொருளாதாரம் பேசும் நூல்கள் நாடாத எளிய உண்மையை அப்பாடல் நாட்காட்டியைக்கொண்டே விளக்கிவிட்டது. 1956-இல் ‘ராஜா ராணி’யில் சிரிப்பின் வகைகளையே பாட்டாக்கினார். மெய்ப்பாட்டியலுக்குத் திரையில் எழுதப்பட்ட உரையாக அதனைக் கொள்ளலாம்.

அரசியல் மேடையில்

காந்தியடிகளிடம் பக்தியும் பெரியாரின் பகுத்தறிவில் பற்றும் அண்ணாவிடம் நட்பும் ஒருங்கே கொண்டவர் கலைவாணர். நாகர்கோவிலில் தம் பொருளைக்கொண்டு காந்தி நினைவுத் தூண் எழுப்பினார். 1951-இல் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். ஒரு கொள்கையை ஏற்பதற்காக மற்றொன்றை வெறுக்க வேண்டுமென்று அவர் கருதியதில்லை.

1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்துக் காங்கிரசின் சார்பில் மருத்துவர் சீனிவாசன் நின்றார். அண்ணாவுக்கு வாக்குக் கேட்க வந்த கலைவாணர், மருத்துவரின் கைராசியையும் குணத்தையும் நெடுநேரம் புகழ்ந்தாராம். கூட்டம் திகைத்தது. இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் உங்கள் நோயை யார் தீர்ப்பார், ஆதலால் அவரை ஊரில் வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்னும் பொருள்பட முடித்தாராம். இந்நிகழ்ச்சி இன்றும் மேடைகளில் பேசப்படுகிறது. எதிராளியின் ஒரு நற்குணத்தையும் மறுக்காமல் அவரை வெல்லும் வழி அது. வசையே அரசியலாகிவிட்ட மேடைகளைக் காணும்போது அப்பண்பின் அருமை புலனாகிறது.

அத்தேர்தல் நடந்த ஆண்டிலேயே, ஆகஸ்டு 30-ஆம் நாள், கலைவாணர் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 49 நிறையவில்லை. ஈட்டிய பெரும்பொருளைக் கேட்டவர்க்கெல்லாம் ஈந்து, இறுதிநாட்களில் பொருள்முட்டுப்பாட்டுடன் வாழ்ந்தார். முதல் தேதியைப் பாடியவரின் வாழ்வில் கடைசிப் பத்து நாள் நீண்டுவிட்டது.

நிலைத்த நகை

1969 பொங்கலன்று சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையை அண்ணா திறந்துவைத்தார். நோயின் பிடியில் இருந்த அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே. மூன்று வாரங்களுக்குள் அவரும் மறைந்தார். வில்லுப்பாட்டு மரபைக் கலைவாணர் கண்டெடுத்து வளர்த்த சுப்பு ஆறுமுகம் 2022 வரை வாழ்ந்து காத்தளித்தார்.

மற்றொரு செய்தியும் நினைக்கத்தக்கது. பெருந்தொற்றுக் காலத்தில் இடைவெளி விட்டு அமர வேண்டியிருந்தமையால், 2020 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கோட்டையை விட்டுக் கலைவாணர் அரங்கத்தில் கூடியது. ஆட்சியாளரை எள்ளிய கலைஞனின் பெயர் தாங்கிய கூரையின்கீழ் ஆட்சியாளர் அமர்ந்து நாட்டை நடத்தினர். கலைவாணர் இருந்திருப்பின் இதற்கு ஒரு பாட்டுக் கட்டியிருப்பார். முதலில் தம்மைப் பற்றியே கேலி செய்துகொண்டு, பிறகுதான் மற்றவரிடம் வந்திருப்பார்.

அங்கதக் கவிதை எழுதுவோர் நம் வட்டத்தில் பலர் உள்ளனர். கூர்மையில் அவர்தம் வரிகள் எவர்க்கும் குறைந்தனவல்ல. ஆயினும் பல கவிதைகளில் கவிஞர் உயரத்தில் நின்று சுட்டுவிரல் நீட்டுவதையே காண்கிறோம். கலைவாணர் கூட்டத்தின் நடுவே நின்றார். முதற்கல்லைத் தம்மீதே எறிந்துகொண்டார். அதன்பின் அவர் எறிந்த கற்கள் எவரையும் காயப்படுத்தாமல் குறியை மட்டும் வீழ்த்தின. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளலை முதலில் பயின்றவர்க்கே முதல்வகை எள்ளல் கைவரும் என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று. அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்திலிருந்து பிறக்கும் அங்கதப் பாடல்களுள் ஒன்றேனும் கூத்துக் களரியில் பாடப்படுமாயின், அதுவே அப்பெருமகனுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.