அறிவியலை அவைக்களம் ஏற்றிய மைக்கேல் ஃபாரடே

கற்றவர் உலகில் பலர். கற்றதைக் கல்லாதாரும் உளங்கொள எடுத்துரைக்க வல்லவர் சிலர். புதிதாக ஒன்றைக் கண்டறிபவர் அவரினும் சிலர். கண்டறியும் திறமும் எடுத்துரைக்கும் திறமும் ஒருவரிடத்தே ஒருங்கமைவது மிக அரிது. அவ்வாறு அமையப்பெற்ற பெருமக்களுள் தலையாய ஒருவராக நாம் கருதுவது இங்கிலாந்து நாட்டு அறிவியலறிஞர் மைக்கேல் ஃபாரடே அவர்களை. அவருடைய கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்தி உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனை இயற்பியல் துறையினர் நம்மினும் நன்கு செய்வர். பொதுமக்களுக்கென நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவுகளால் உருவான ஓர் ஏழைச் சிறுவன், பின்னாளில் அதே மேடையைத் தன் வாழ்நாளெல்லாம் பிறருக்குத் திறந்து வைத்த வரலாற்றையே ஈண்டுக் காண விழைகின்றோம்.

கொல்லர் மகன்

ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இலண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லுத் தொழிலாளி, நோயுற்ற உடலினர். பிள்ளைகள் நால்வருள் ஃபாரடே மூன்றாமவர். தானிய விலை ஏறிய காலத்தில், ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்ற அளவில் அவருக்கு உணவு பங்கிடப்பட்டதாகக் கூறுவர். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் என்ற அளவோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

1804இல், பதின்மூன்றாம் வயதில், ரீபோ என்பவரது புத்தகக் கடையில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு புத்தகம் கட்டும் தொழிலை ஏழாண்டுக் காலம் பயிலும் மாணவரானார். கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு நில்லாமல் அவற்றைப் படிக்கவும் தலைப்பட்டார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி அவருள் ஒரு பொறியை மூட்டிற்று. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூல் அப்பொறியை வளர்த்தது. ஆசிரியை ஒருவர் இரு சிறுமியரோடு உரையாடுவதாக அமைந்த அந்நூலின் பிறப்பையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவுகளைக் கேட்ட மார்செட் அம்மையார், புரியாதவற்றைப் பின்னர் உரையாடித் தெளிந்து, தாம் தெளிந்த முறையிலேயே பிறருக்கும் எழுதினார். மேடையில் எழுந்த ஒரு குரல் நூலாகி, அந்நூல் புத்தகம் கட்டும் சிறுவன் கையை வந்தடைந்த விந்தை இது.

ஒரு நுழைவுச்சீட்டு

இலண்டனில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் அறிவியல் விரிவுரைகள் நிகழ்த்தி வந்தார். ஒரு விரிவுரைக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பயிற்சித் தொழிலாளிக்கு அத்தொகை பெரிது. கொல்லுப் பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட் அதனைக் கொடுத்துதவினார்.

1812ஆம் ஆண்டில் ரீபோவின் கடைக்கு வரும் வாடிக்கையாளருள் ஒருவரான வில்லியம் டான்ஸ், ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகள் நான்கனைக் கேட்பதற்கு ஃபாரடேக்கு நுழைவுச்சீட்டு வழங்கினார். ராயல் இன்ஸ்டிடியூஷன் 1799இல் தோற்றுவிக்கப்பட்ட அறிவியல் நிறுவனம். அதன் அரங்கில் வசதி படைத்தோரே பெரிதும் கூடுவர். அங்கே மேல்மாடத்தில், கடிகாரத்திற்கு மேலுள்ள இருக்கையில் அமர்ந்து, டேவி கூறிய அனைத்தையும் ஃபாரடே குறித்துக்கொண்டார். பின்னர் அக்குறிப்புகளை விரித்தெழுதி, கருவிகளின் படங்களை வரைந்து சேர்த்து, தாம் அறிந்த தொழிலால் அழகிய நூலாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். எனினும் அப்போது பணியிடம் ஏதுமில்லை. சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் நீக்கப்படவே, 1813 மார்ச் முதல் நாள் ஃபாரடே அங்கே பணியில் அமர்ந்தார்.

அண்ணன் ஈந்த ஷில்லிங்கும் டான்ஸ் ஈந்த சீட்டும் கொடுத்தவர்க்குச் சிறியவை. அவற்றால் விளைந்த பயனை உலகம் இன்றளவும் துய்த்து வருகின்றது.

பேச்சைப் பயின்றவர்

வள்ளுவப் பெருந்தகை சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வகுத்தார். அம்மூன்றையும் முயன்று கற்றவர் ஃபாரடே. பணியில் சேர்ந்த 1813ஆம் ஆண்டிலேயே தம் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய மடல்களில் சொற்பொழிவுக் கலையை நுணுகி ஆராய்ந்தார். அரங்கில் காற்றோட்டம் எவ்வாறு இருத்தல் வேண்டும், கருவிகளை எங்கே வைத்தல் வேண்டும், பேசுபவர் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பன போன்றவற்றையெல்லாம் அவற்றில் எழுதினார். ஒரு மணி நேரத்திற்கு மேல் அவையோரை இருத்தலாகாது என்பது அன்றே அவர் கொண்ட முடிவு. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஒரு மேடையிலும் ஏறியிராதவர்.

1816இல் முதன்முதலாக விரிவுரை நிகழ்த்தினார். அதன் பின்னும் தம் பேச்சில் மனநிறைவு கொள்ளாது, 1818இல் ஸ்மார்ட் என்ற ஆசிரியரிடம் பேச்சுப் பயிற்சி பெற்றார். ஆர்வ மிகுதியால் பேச்சு விரைவதைத் தடுக்க, மெல்லப் பேசுக என நினைவூட்டும் அட்டை ஒன்றைத் தம் கண்முன் வைத்துக்கொள்வாராம். பிறப்பால் வாய்த்த வரமென்று மேடைத்திறனைக் கருதி ஒதுங்கும் இளைஞர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

வெள்ளி மாலையும் விடுமுறை நாளும்

1825இல் ஃபாரடே ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூடத்திற்கு இயக்குநரானார். அக்காலத்தில்தான் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும், சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகளும் அங்கே தொடங்கின. வெள்ளி மாலைகளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முறை அவர் பேசினார். 1827 முதல் 1860 வரை பத்தொன்பது ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் விரிவுரைத் தொடர்களை நிகழ்த்தினார்.

சொல்வதைக் காட்டுதல் அவரது முறை. பெரிய மின்காந்தத்தின் மீது நிலக்கரி வாளியையும் இடுக்கியையும் வீசியெறிந்து, அவை ஒட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டி அவையை வியக்கவைப்பார் என்பர். 1836இல் பன்னிரண்டு அடி நீள, அகல, உயரமுள்ள ஒரு கூண்டினை அமைத்து, அதன் புறத்தே மின்னேற்றி, தாமே உள்ளே சென்று இருந்து, மின்னூட்டம் உட்புறத்தைத் தாக்குவதில்லை என்று மெய்ப்பித்தார். ஃபாரடே கூண்டு என்று இன்று மாணவர் படிப்பது இதுவே.

அவரது விரிவுரைகளுள் பெரும்புகழ் பெற்றது மெழுகுவத்தியின் வேதியியல் பற்றியது. யார் வீட்டிலும் எரியும் எளிய பொருள் அது. மேலெழும் காற்று மெழுகின் விளிம்பைக் குளிர்விப்பதால் நடுவே உருகிய மெழுகு கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்பதையும், அது திரிவழியே ஏறுவதையும், சுடரின் நடுவிலிருந்து ஆவியைக் கண்ணாடிக் குழாயால் வெளியே கொணர்ந்து மறுமுனையில் எரியச் செய்யலாம் என்பதையும் காட்டினார். சுடரின்மேல் குளிர்ந்த கலத்தைப் பிடித்தால் நீர்த்துளி படியும் என்பதையும் காட்டினார். மெழுகுவத்தியின் புகைவளியும் நாம் விடும் மூச்சும் சுண்ணாம்பு நீரை ஒன்றுபோலவே வெண்மையாக்குவதைக் காட்டி, உயிர்ப்பும் ஒருவகை எரிதலே என உணர்த்தினார். இறுதியில், கேட்ட சிறுவர் தாமும் சுற்றிலும் ஒளி தருபவராய் விளங்கவேண்டும் என வாழ்த்தினார். 1850இல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இவ்விரிவுரைகளின் குறிப்புகளைக் கேட்டுப் பெற்று, தம் இதழ் வழியே எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தார். 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய தொடர், 1861இல் வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்த நூலாக வெளிவந்தது.

1855ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விரிவுரைக்கு விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் தம் மைந்தர் இருவரோடு வந்து அமர்ந்தார். ஒரு நாள் இரவற்சீட்டால் உள்ளே நுழைந்தவர் பேச, அரச குடும்பம் கேட்டது.

எளிமையும் ஆழமும்

எளிமையாகப் பேசுபவரிடம் ஆழம் இராது என்று கருதுவார் உளர். ஃபாரடேயின் வாழ்வு அதற்கு மறுப்பாகும். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் கணநேரம் மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். மின்னாக்கிகளும் மின்மாற்றிகளும் இம்மின்காந்தத் தூண்டலின் வழிவந்தவையே. மின்னாற்பகுப்பின் விதிகளைத் தந்தவரும் அவரே.

அவருக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அமையும் கோலத்தை நோக்கி, விசைக்கோடுகள் வெளியெங்கும் பரவி நிற்பதாக உருவகித்தார். 1846இல் வெள்ளி மாலைச் சொற்பொழிவு ஒன்றின் முடிவில், ஒளி என்பது அவ்விசைக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாமோ என்ற எண்ணத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் வெளியிட்டார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இளைய மேதை அவ்விசைக்கோட்டுக் கருத்தைக் கணித வடிவில் வார்த்து, 1860களில் ஒளி மின்காந்த அலையே என நிறுவினார். 1857இல் ஃபாரடே மாக்ஸ்வெல்லுக்கு எழுதிய மடலில், கணித அறிஞர் தம் முடிவுகளைக் குறியீடுகளில் எழுதுவதோடு, பிறரும் அறிந்து பயன்கொள்ளுமாறு பொதுமொழியிலும் பெயர்த்துத் தரலாகாதா என்று வினவினார். தெளிவாகச் சொல்லுதலும் தெளிவாகச் சிந்தித்தலும் அவரைப் பொறுத்தவரை ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

உண்மைக்கு உழைத்தல்

மக்களுக்கு இனியவற்றை மட்டும் கூறிக் கைதட்டுப் பெறுபவராக அவர் இருக்கவில்லை. 1853இல் மேசையைச் சுற்றி அமர்ந்து கைவைத்தால் ஆவிகளால் மேசை சுழலும் என்ற நம்பிக்கை இலண்டனெங்கும் பரவியிருந்தது. ஃபாரடே உருளைகளும் சுட்டுமுள்ளும் கொண்ட கருவி ஒன்றை அமைத்து, அமர்ந்தோர் கைகளே அவர்கள் அறியாமல் மேசையைத் தள்ளுகின்றன என நிறுவிப் பத்திரிகையில் எழுதினார். 1855இல் தேம்ஸ் ஆற்றில் வெள்ளை அட்டைத் துண்டுகளை இட்டுப் பார்த்து, ஓர் அங்குலம் ஆழ்வதற்குள் அவை மறையுமளவு நீர் கெட்டிருப்பதைச் செய்தித்தாளில் எழுதி எச்சரித்தார். 1858இல் எழுந்த பெருநாற்றத்திற்குப் பின்னரே அரசு ஆற்றைக் காக்கும் பணியில் முனைந்தது.

எளிய வாழ்வைப் போற்றிய ஒரு சிறு கிறித்தவப் பிரிவில் அவர் பற்றுடையவர். ஆலோசனைக் கட்டணமாகக் குவியவிருந்த பெரும் பொருளை விலக்கினார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்தார். 1862 ஜூன் 20ஆம் நாள், நினைவாற்றல் தளர்ந்த நிலையில், தம் இறுதி வெள்ளி மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தினார். கேட்பவராய் அவ்வரங்கில் அமர்ந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்து, ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லறையில் அடக்கமானார். அவர் வளர்த்த கிறிஸ்துமஸ் விரிவுரைகள் இன்றும் தொடர்கின்றன.

நமக்கு உணர்த்துவது

அறிவைத் தேடுதல் கடமையென்றும், கேட்பார்க்கு அதனை மறைத்தல் தகாதென்றும் இஸ்லாம் நமக்குக் கற்பிக்கின்றது. முதற்பகுதியை நாம் ஓரளவு நிறைவேற்றி வருகின்றோம். இரண்டாம் பகுதியில் நம் நிலை என்ன? அரிதின் முயன்று எழுதிய ஆய்வேடுகள் நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. தம் பிள்ளை எதனைப் படிக்கின்றான் என்று சொல்லத் தெரியாத தாய்மார் நம் இல்லங்களில் உள்ளனர். அது அவர்தம் குறையன்று. எடுத்துரைக்காத நம் குறையே.

ஆகவே மாணவச் செல்வங்கள் தாம் கற்றவற்றுள் ஒன்றையேனும் வீட்டில் உள்ளவர்க்கு விளங்கும் தமிழில் சொல்லிப் பழகுதல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் ஆய்வரங்கின் கதவை ஊர்மக்களுக்கும் திறத்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர் ஓர் ஏழை மாணவனுக்கு ஒரு நூலோ ஒரு கட்டணமோ ஈயும்போது, அது வில்லியம் டான்ஸ் ஈந்த சீட்டாக அமையக்கூடும் என்பதை நெஞ்சில் இருத்துதல் வேண்டும். எச்சிறுவன் கையில் எது சுடராகும் என்பதை இறைவன் ஒருவனே அறிவான்.