தாமசு மிட்ச்லி

தாமசு மிட்ச்லி (மே 18, 1889 – நவம்பர் 2, 1944) ஓர் அமெரிக்கப் பொறியாளரும் வேதியியலாளரும் ஆவார். குளிரூட்டி வளிமமான ஆர்-12, பெட்ரோலில் கலக்கப்பட்ட டெட்ரா எத்தில் ஈயம் ஆகியவற்றின் உருவாக்கத்துக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் பால்சு நகரில் பிறந்தார். 1911ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். 1916 முதல் சார்லசு கெட்டரிங்கின் கீழ் ஆய்வு செய்தார்.

ஈயப் பெட்ரோல்

1921 டிசம்பரில், எஞ்சினில் எழும் தட்டலை டெட்ரா எத்தில் ஈயம் தடுப்பதைக் கண்டறிந்தார். பின்னர் அவரே ஈய நச்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924ல் நியூ செர்சி ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் இறந்தபோது, அச்சேர்மம் தீங்கற்றது எனக் காட்ட, அதைத் தம் கைகளில் ஊற்றி முகர்ந்தார்.

ஆர்-12

அக்காலக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெதில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. இவை கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1928ல் மிட்ச்லி குழுவினர் டைகுளோரோ டைபுளோரோ மீத்தேனை உருவாக்கினர். இது ஏறத்தாழ -30 பாகை செல்சியசில் கொதிக்கும், தீப்பற்றாது, நச்சுத்தன்மை மிகக் குறைவு. 1930ல் மிட்ச்லி இவ்வளிமத்தை உள்ளிழுத்து வெளியே ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். பின்னாளில் தானுந்துகளின் ஏசி அமைப்புகளிலும் இதுவே நிரப்பப்பட்டது.

இறப்பு

1940ல் இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாதவரானார். படுக்கையிலிருந்து எழுவதற்குக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட அமைப்பைத் தாமே வடிவமைத்தார். 1944ல் அக்கயிறு கழுத்தை இறுக்கி இறந்தார். அவ்வாண்டில் அவர் அமெரிக்க வேதியியல் குமுகத்தின் தலைவராக இருந்தார்.

பின்விளைவுகள்

ஆர்-12 எளிதில் சிதையாதது. அதனால் அது அடுக்கு மண்டலம் வரை செல்கிறது. அங்கே புற ஊதாக் கதிர்களால் பிரியும் குளோரின் அணுக்கள் ஓசோனை அழிக்கின்றன. மொலினா, ரோலண்டு ஆகியோர் 1974ல் இதனை விளக்கினர். 1987ல் மொண்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தானது. அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி 1995 இறுதியுடன் நின்றது. ஈயப் பெட்ரோல் விற்பனை 2021ல் உலகெங்கும் முடிவுக்கு வந்தது.

பழைய தானுந்துகளில்

ஆர்-12க்காக அமைந்த பழைய தானுந்தின் ஏசியில் ஆர்-134ஏ வளிமத்தை அப்படியே நிரப்பலாகாது. எஞ்சிய ஆர்-12ஐக் காற்றில் விடாமல் கருவி கொண்டு மீட்டெடுக்க வேண்டும். பழைய கனிம எண்ணெய் ஆர்-134ஏ உடன் கலவாது. அதனால் கம்பிரசருக்கு உயவு கிடைக்காமல் போகும். ஆகவே ஏற்ற எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் வடிகட்டியையும் நிரப்பு வாய்களையும் மாற்றி, கசிவு சோதித்து, வெற்றிடமாக்கிய பின்னரே நிரப்ப வேண்டும். புதிய வளிமத்தின் அளவு பழையதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.