ரிம் ஹோர்ட்டன்: பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு மனிதர்

ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பா அழைப்பு எடுக்கும்போதெல்லாம், ரிம் ஹோர்ட்டன்ஸில் நிற்கிறேன் என்பார். அது கோப்பிக் கடை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பது அண்மையில்தான் தெரிந்தது. அவர் ஐஸ் ஹொக்கியில் தடுப்பாட்ட வீரர்.

ரிம் ஹோர்ட்டன் 1930 ஜனவரி 12 அன்று, ஒன்ராறியோவின் வடக்கே கொக்ரேன் என்ற சிறிய ஊரில் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக விளையாடியபோது, 1955 இல் எதிரணி வீரர் மோதியதில் அவரது காலும் தாடையும் முறிந்தன. ஆனாலும் திரும்பி வந்தார். 1961 முதல் 1968 வரை, இடைவிடாமல் 486 லீக் ஆட்டங்களில் இறங்கினார். 1962, 1963, 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். கைகலப்பு சாதாரணமான அந்த விளையாட்டில், சண்டைக்கு வருபவரை அசைய முடியாதபடி கட்டிப்பிடித்து நிறுத்திவிடுவது அவரது வழக்கம்.

அன்றைய வீரர்களுக்கு இன்றைய கோடிகள் கிடைக்கவில்லை. விளையாட்டு முடிந்தபின் எப்படிப் பிழைப்பது என்ற யோசனை அவருக்கும் இருந்தது. கார் விற்றார், ஹம்பர்கர் கடை போட்டார், சரிவரவில்லை. 1964 இல் ஹமில்டன் நகரில் திறந்த டோனட் கடைதான் நிலைத்தது. முன்னாள் பொலிஸ்காரரான ரொன் ஜோய்ஸ் பின்னர் பங்காளியானார்.

44 வயதிலும் பஃபலோ அணிக்காக விளையாடிக்கொண்டிருந்தார். 1974 பெப்ரவரி 20 இரவு ரொறன்ரோவில் ஆட்டம் முடிந்ததும், அடிபட்ட தாடையுடன் தனியே காரில் புறப்பட்டார். மறுநாள் அதிகாலை சென் கதரின்ஸ் நகரில் நெடுஞ்சாலையில் கார் புரண்டு இறந்தார். அவர் மது அருந்தியிருந்தார் என்பது 2005 இல்தான் வெளியே வந்தது.

மனைவி லோரியும் நான்கு மகள்மாரும் எஞ்சினர். அப்போது சுமார் 40 கடைகள் இருந்தன. 1975 இல் லோரி தம் பங்கை ஏறத்தாழ 10 இலட்சம் டொலருக்கு ஜோய்ஸுக்கு விற்றார். கடைகள் பின்னர் ஆயிரக்கணக்கில் பெருகின. அந்த விற்பனையை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார், தோற்றார்.

வன்னியில் துணையை இழந்த பெண்களோடு பேசும்போது, துக்கம் ஆறமுன் காகிதங்களில் கையெழுத்து வைத்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஹோர்ட்டனின் கிண்ணங்களைவிட லோரியின் அந்த ஒரு கையெழுத்துதான் என் மனதில் நிற்கிறது. அடுத்தமுறை சித்தப்பா கதைக்கும்போது, லோரியைப் பற்றியும் சொல்ல இருக்கிறேன்.