ஹெலிகொப்டரைக் கனவு கண்ட மனிதரும் கொட்டாஞ்சேனை ஓட்டோவும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் இன்று ஓடும் ஓட்டோக்களில் பெரும்பாலானவை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். ஆனாலும் இடையிடையே பழைய சத்தம் ஒன்று கேட்கும். சாரதி குனிந்து கைலீவரை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார். வண்டி போய்விடும், நீல நிறப் புகை மட்டும் சிறிது நேரம் அங்கேயே நிற்கும். அது டூ ஸ்ட்ரோக் ஓட்டோ.

அந்த வண்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கியர் இடது கைப்பிடியில் இருக்கிறது, திருகினால் மாறுகிறது. முன் சக்கரத்தை இரு பக்கமும் கவை போலப் பிடிக்காமல், ஒரு பக்கத்தில் மட்டும் ஓர் இரும்புக் கை தாங்குகிறது. சக்கரங்கள் 8 அங்குலச் சிறியவை. வண்டி செய்யப்பட்டது இந்தியாவில். இந்த யோசனைகள் பிறந்ததோ இத்தாலியில், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, ஒரு விமானப் பொறியியலாளரின் வரைபலகையில். அவர் பெயர் கொராடினோ டாஸ்கானியோ. வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தவர் என்று உலகம் அவரை அறியும்.

ஓட்டோச் சாரதிகளோடு செய்திக்காகப் பல வருடங்களாகக் கதைத்து வருகிறேன். டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களிடம் பெற்றோலுக்கு எவ்வளவு ஒயில் கலக்கிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்குகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்று தேடிப் போனபோதுதான் டாஸ்கானியோவின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன். ஓட்டுபவரின் உடுப்பில் எண்ணெய் படக்கூடாது என்று நினைத்த ஒருவரின் வண்டி, ஊரின் நுரையீரலில் எண்ணெயைப் படிய வைத்த கதை அது.

விமானங்களோடு வளர்ந்தவர்

டாஸ்கானியோ 1891 பெப்ரவரி 1ஆம் திகதி, இத்தாலியின் அப்ருட்சோ மலைப்பகுதியில் பொப்போலி என்ற சிறு ஊரில் பிறந்தார். பறப்பது என்பது அப்போது உலகத்துக்கே புதிய பைத்தியம். பதின்ம வயதிலேயே கிளைடர் ஒன்றைச் செய்து பார்த்தார். டூரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்து 1914இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு முதலாம் உலகப்போர் தொடங்கியது. இராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்தார். அதன்பின் பொமிலியோ விமான நிறுவனத்தில் வேலை. 1918இல் அந்த நிறுவனத்தோடு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகருக்குப் போய், அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார்.

அந்தக் காலத்து விமான எஞ்சின்களில் ஒருவகை, உடம்பு முழுவதும் சேர்ந்து சுழலும் ரோட்டரி எஞ்சின். அதற்கு ஊற்றியது நம் வீடுகளில் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய்தான். பெற்றோலில் அது எளிதில் கரையாது, சூட்டையும் தாங்கும். ஆனால் எஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்பி வராது. எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியே பறந்து விமானியின் முகத்தில் படியும். காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். எண்ணெயை ஒரே தரம் பயன்படுத்திக் காற்றில் விடும் இந்தப் பழக்கம்தான் பின்னாளில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலும் தொடர்ந்தது.

டாஸ்கானியோவின் மனம் முழுக்க ஹெலிகொப்டரில் இருந்தது. 1925இல் பியேத்ரோ த்ரோயானி என்ற பிரபுவின் பண உதவியோடு ஒரு நிறுவனம் தொடங்கினார். முதல் இரண்டு முயற்சிகள் சரிவரவில்லை. மூன்றாவது இயந்திரம் 1930 ஒக்டோபரில் ரோம் நகரின் சம்பீனோ விமானத் தளத்தில் மேலே எழுந்தது. 18 மீற்றர் உயரம், 8 நிமிடம் 45 செக்கன் நேரம், 1,078 மீற்றர் தூரம். மூன்றும் அன்றைய உலக சாதனைகள். அவற்றை முறியடிக்க மற்றவர்களுக்குச் சில ஆண்டுகள் எடுத்தன.

சாதனை சோறு போடவில்லை. அரசின் ஆர்வம் குறைந்தது, காசு முடிந்தது, நிறுவனம் மூடப்பட்டது. 1932இல் அவர் பியாஜியோ நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே விமானங்களின் உந்துவிசிறிகளை, பறக்கும்போதே கோணம் மாற்றக்கூடியவையாக வடிவமைத்தார். அதில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஹெலிகொப்டர் மட்டும் கைகூடவில்லை.

குண்டு விழுந்த தொழிற்சாலையில் பிறந்த குளவி

பொந்தெதேரா நகரில் இருந்த பியாஜியோ தொழிற்சாலை போரில் நொறுங்கிப்போனது. தோற்ற நாடான இத்தாலிக்கு விமானம் செய்வதில் கட்டுப்பாடுகள் விழுந்தன. வேலையின்றி நின்ற தொழிலாளர்களை வைத்து வேறு ஏதாவது செய்தாக வேண்டும். உடைந்த வீதிகளில் மலிவாக ஓடக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று முதலாளி என்ரிக்கோ பியாஜியோ முடிவெடுத்தார். நிறுவனத்தின் வேறு பொறியியலாளர்கள் செய்த முதல் மாதிரி அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை டாஸ்கானியோவிடம் வந்தது.

இதில் வேடிக்கை, டாஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது. ஏறுவதற்குக் காலைத் தூக்க வேண்டும், சங்கிலி எண்ணெயைத் தெறிக்கும், எஞ்சின் அழுக்கு காற்சட்டையில் படும், டயரில் காற்றுப் போனால் கழற்றுவது பெரும்பாடு. பிடிக்காத ஒவ்வொன்றையும் அவர் ஒரு தேவையாக எழுதிக்கொண்டார் என்றே சொல்லலாம். சங்கிலியை அகற்றினார், எஞ்சினையும் கியரையும் பின் சக்கரத்தோடு நேரே இணைத்தார். எஞ்சினைத் தகட்டுக்குள் மூடினார். கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். கால் வைக்க நடுவில் வெற்றிடம் விட்டார். பாவாடை கட்டிய பெண்ணும் நீள அங்கி போட்ட பாதிரியாரும் சிரமமின்றி ஏறலாம். விமானத்தின் தரையிறங்கு சக்கரம் போல ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கும் கையை முன் சக்கரத்துக்குப் பொருத்தினார். காரின் சக்கரத்தைக் கழற்றுவது போலவே கழற்றி மாட்டலாம்.

1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 98 சிசி எஞ்சின், 3.2 குதிரைவலு, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம். ஒடுங்கிய இடுப்பையும் எஞ்சின் இரைச்சலையும் கவனித்த என்ரிக்கோ அதைக் குளவியோடு ஒப்பிட்டதாகச் சொல்வார்கள். இத்தாலிய மொழியில் குளவி என்றால் வெஸ்பா. முதல் ஆண்டு 2,484 வண்டிகள் விற்றன. 1956இல் பத்து லட்சத்தை எட்டினார்கள். இடையில் 1953இல் வந்த ரோமன் ஹொலிடே படத்தில் ஒட்ரி ஹெப்பர்னும் கிரெகரி பெக்கும் வெஸ்பாவில் ரோமைச் சுற்ற, வண்டி உலகப் புகழ் பெற்றது.

1948இல் இதே வெஸ்பாவின் பின்பகுதியில் இரண்டு சக்கரங்களும் ஒரு சரக்குப் பெட்டியும் பூட்டி முச்சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் ஆபே, அதாவது தேனீ. நமது ஓட்டோவின் நேரடிப் பாட்டன் அதுதான்.

ஒயிலின் கணக்கு

டூ ஸ்ட்ரோக் எஞ்சினை டாஸ்கானியோ கண்டுபிடிக்கவில்லை. எளிமையான வடிவத்தில் அதைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே. காலம் 1890களின் தொடக்கம். மலிவு, பாரம் குறைவு, உதிரிப்பாகங்கள் கொஞ்சம். போரில் நொந்த நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான எஞ்சின் இல்லை என்பதால் டாஸ்கானியோவும் அதையே எடுத்தார்.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒயில் அடியில் தனியாகத் தேங்கி நின்று சுற்றி வரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இடமில்லை, ஏனென்றால் பெற்றோலும் காற்றும் முதலில் எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் போய்த்தான் மேலே ஏறுகின்றன. ஆகவே ஒயிலைப் பெற்றோலிலேயே கலந்து அனுப்ப வேண்டும். அது போகும் வழியில் பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் பெற்றோலோடு எரிந்து சைலன்சர் வழியாகப் போய்விடும். அதோடு, பழைய புகையைத் தள்ள உள்ளே வரும் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறும். ஓட்டுபவரின் காற்சட்டையைக் காப்பாற்றிய வண்டி, பின்னால் வருபவரின் மூச்சைக் காப்பாற்றவில்லை.

முதல் வெஸ்பாவுக்கு 5 சதவீதம் ஒயில் தேவைப்பட்டது. எஞ்சின் வடிவமும் ஒயிலின் தரமும் முன்னேற, பிறகு வந்த வெஸ்பாக்களுக்கு 2 சதவீதம் போதும் என்றானது. தெற்காசியாவின் டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு 3 சதவீதம். அதாவது 10 லீற்றர் பெற்றோலுக்கு 300 மில்லிலீற்றர். 2022 நெருக்கடியில் கியூஆர் முறையில் ஓட்டோக்களுக்கு முதலில் வாரம் 5 லீற்றர்தான் கிடைத்தது; அதற்கு 150 மில்லிலீற்றர் போதும், ஒரு தேநீர்க் கோப்பை அளவு.

ஆனால் பலர் இரட்டிப்பாக ஊற்றுவார்கள். ஒயில் கூடினால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும் என்பது நம்பிக்கை. நடப்பது வேறு. கூடின ஒயில் முழுதாக எரியாது. பிளக்கில் கரி பிடிக்கும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும், புகை போகும் வாயும் சைலன்சரும் அடைபடும். இழுவை குறையும். இழுவைக்காக இன்னும் முறுக்குவார்கள், பெற்றோல் இன்னும் போகும். குறைத்து ஊற்றினால் ஆபத்து மறுபக்கம்: மேடு ஏறும்போது பிஸ்டன் இறுகி வண்டி நடுவீதியில் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த 3 சதவீதம்.

அளவைப் போலவே வகையும் முக்கியம். டூ-ரி ஒயில் என்பது எரிந்து போவதற்கென்றே செய்யப்பட்டது. ஃபோர் ஸ்ட்ரோக் ஒயில் அப்படி இல்லை. அதில் உள்ள உலோகக் கலப்புகள் எரிந்தால் சாம்பலாகிப் பிளக்கில் ஒட்டும். விலை குறைவென்று போத்தலில் அளந்து விற்கும் பெயரில்லாத ஒயில் இன்னும் மோசம். வாங்கும்போது போத்தலில் ஜாசோ தர அடையாளத்தைப் பார்ப்பது நல்லது: எஃப்பி சாதாரணம், எஃப்சி புகை குறைந்தது, எஃப்டி அதைவிடச் சுத்தமானது. ஓட்டோவுக்கு எஃப்சி தாராளம். பெற்றோல் அடிக்கும் முன் ஒயிலைத் தாங்கியில் ஊற்றினால், பெற்றோல் விழும் வேகத்திலேயே ஓரளவு கலந்துவிடும். தனியே கலந்து ஊற்றுவது அதைவிட நல்லது. கியர்பெட்டிக்கு வேறு ஒயில். அதையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குவது, சைலன்சரின் கரியை எடுப்பது, சிலிண்டரைச் சுற்றிய குளிர்விக்கும் தகடுகளில் சேறு கட்டாமல் பார்ப்பது, இவ்வளவும் செய்தால் பழைய எஞ்சினும் புகை குறைந்து ஓடும்.

புனே வழியாகக் கொழும்புக்கு

பியாஜியோவோடு செய்த ஒப்பந்தத்தின் கீழ் பஜாஜ் நிறுவனம் 1960களில் இந்தியாவில் வெஸ்பாவையும் முச்சக்கர வண்டியையும் தயாரித்தது. 1971இல் ஒப்பந்தம் முடிந்தது, வடிவம் தொடர்ந்தது. 1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் அந்த வண்டிகள் கொழும்பு வீதிக்கு வந்தன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைத்தன. படிப்பு நின்ற பையன்கள், வேலை இழந்த அப்பாக்கள், ஊரைவிட்டு வந்தவர்கள் என்று பலருக்கு அது முதல் சொத்து. எஞ்சின் எளிமையாக இருந்ததால் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கி, வீதியோர பாஸ் ஒருவரின் கையால் ஒரு நாளில் திருத்திவிடலாம். டாஸ்கானியோவின் எளிமை இங்கே உண்மையிலேயே ஏழைகளின் பக்கம் நின்றது.

புகைதான் தெற்காசியா முழுவதும் பிரச்சினையானது. டெல்லியில் 1998 முடிவோடு டூ-ரி ஒயிலைச் சில்லறையாக அளந்து விற்பது தடைசெய்யப்பட்டது. பெற்றோல் நிலையத்திலேயே அளவாகக் கலந்து கொடுக்க ஏற்பாடு வந்தது. டாக்கா நகரம் 2003 பிறந்தபோது டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களையே வீதியிலிருந்து அகற்றியது. இலங்கை 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது; அதே ஆண்டு வாகனப் புகைப் பரிசோதனையும் தொடங்கியது. ஏற்கனவே வந்த வண்டிகள் ஓடலாம். புது வண்டி வாங்கக் காசில்லாதவர்கள்தான் இன்றும் அவற்றை ஓட்டுகிறார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்களும் ஸ்டாண்டில் நாள் முழுக்க நிற்கும் அவர்களேதான்.

விரும்பியதும் கிடைத்ததும்

வெஸ்பாவின் வெற்றிக்குப் பிறகும் டாஸ்கானியோ ஹெலிகொப்டரை விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் இன்னொரு மாதிரியைப் பறக்கவிட்டுப் பார்த்தார். அதுவும் உற்பத்திக்குப் போகவில்லை. ஸ்கூட்டர் விற்றுப் பணம் பார்த்த நிறுவனத்துக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. 1964இல் அகஸ்தா ஹெலிகொப்டர் நிறுவனத்துக்கு மாறினார். பீசா பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கற்பித்தார். 1981 ஓகஸ்ட் 6ஆம் திகதி பீசாவில், 90 வயதில் காலமானார். கொழும்பில் ஓட்டோக்கள் பெருகத் தொடங்கிய காலம் அது. ஸ்கூட்டர்காரர் என்று மட்டும் தன்னை நினைவுகூர்வது அவருக்குக் கசப்பாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் மோட்டார் சைக்கிளைப் பார்த்த பார்வைதான் அவர் விட்டுப்போனவற்றில் பெரியது என்று நினைக்கிறேன். ஏறுபவருக்கு எங்கே இடைஞ்சல், எங்கே அழுக்குப் படுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். வண்டிக்கு வெளியே நிற்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. 1946இல் அது யாருடைய பட்டியலிலும் இல்லை. அந்த விடுபட்ட வரியை நிரப்பும் வேலை இன்று நம்முடையது. பெற்றோல் ஓட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சிகள் நாட்டில் தொடங்கியிருக்கின்றன. அவை கடைசி டூ ஸ்ட்ரோக் வண்டிவரை எட்டக் காலம் எடுக்கும். அதுவரை அந்தச் சாரதிகளை விரட்டுவதைவிட, சரியான ஒயிலை நியாயமான விலைக்கும் சரியான அளவுக்கும் பெற்றோல் நிலையத்திலேயே கிடைக்கச் செய்வது இலகு. 10 லீற்றருக்கு 300 மில்லிலீற்றர்; அதைக் காட்டும் ஓர் அளவுக் குவளையின் விலை, ஒரு தரம் சைலன்சர் கழற்றித் துப்புரவாக்கும் கூலியைவிடக் குறைவுதான்.